ரிசல்ட் வந்த பிறகும் வா, தங்கச்சி

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கச்சிக்கு,

சனிக்கிழமைகளில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் நீ நடத்தும் ஓ.எல். (11ஆம் ஆண்டுப் பொதுப் பரீட்சை) கணித வகுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். பேனர் கட்டி, கொப்பி கொடுத்து, படம் பிடித்துக்கொண்டு போகிற செமினார்கள் நிறையப் பார்த்தாயிற்று. நீங்கள் அந்த ரகம் இல்லை.

அன்றைக்குப் பின் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது, பாதிப் பிள்ளைகளுக்குத் தூக்கம். நீ புத்தகத்தை மூடிவிட்டு, "20 கிலோ கொழுந்துக்கு நிறுவையில் 2 கிலோ கழித்தால் எத்தனை சதவீதம்?" என்று கேட்டாய். வாயே திறக்காத பிள்ளை ஒருத்தி எழுந்து, "மழை நாளில எங்க அம்மாவுக்கு 3 கிலோ கழிக்கிறாங்க அக்கா" என்றாள். அவளே வந்து 15 என்று பலகையில் எழுதினாள். கொழுந்து நிறுக்கிறவர் அங்கே இல்லாதது நல்லதாய்ப் போயிற்று!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பிள்ளை கணிதத்தில் நல்ல பெறுபேறு எடுப்பாள். அப்புறம்? எங்கள் பாடசாலை 11ஆம் ஆண்டோடு முடிகிறது. பக்கத்தில் இருப்பது 1சி பாடசாலை, அங்கே உயர்தரத்தில் (12, 13ஆம் ஆண்டு) கலையும் வர்த்தகமும்தான். விஞ்ஞானமோ கணிதமோ படிக்க 1ஏபி பாடசாலைக்குத்தான் போக வேண்டும். அது டவுனில். பஸ் காசு, விடுதிக் காசு, பொம்பளைப் பிள்ளையைத் தனியாக அனுப்புவதா என்ற பயம். கடைசியில், கிட்ட இருக்கிறதே என்று கலைப் பிரிவில் சேர்ந்துவிடுவார்கள். கலை மட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் அது பிள்ளை எடுத்த முடிவு இல்லை, பஸ் ரூட் எடுத்த முடிவு.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், விஞ்ஞானம், கணிதம் சார்ந்த பெரும்பாலான பட்டப்படிப்புகளில் 40 வீத இடம்தான் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அதில் நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன. கொழும்புப் பிள்ளைக்குப் போதாத இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) இங்கே போதும். ஆனால் அந்தப் பிரிவில் பரீட்சையே எழுதாத பிள்ளைக்குக் கோட்டா இருந்து என்ன பயன்? இது லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

நாங்கள் சொன்னால், "டீச்சர்மார் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று தள்ளிவிடுவார்கள். நீ லயத்தில் பிறந்து, விடுதியில் தங்கி, கம்பஸ் வரை போனவள், நீ சொன்னால் கேட்பார்கள். உன் அம்மாவையும் கூட்டி வந்தால் இன்னும் நல்லது. அம்மாவுக்கு அம்மா சொல்வது வேறு.

ரிசல்ட் வந்த பிறகு ஒரு பெற்றோர் கூட்டம் வை, ஆனால் பகலில் வேண்டாம். வந்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும், வரமாட்டார்கள். கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வந்த பிறகு, ஏழு மணிக்கு மேல் வை. தமிழ் மொழியில் விஞ்ஞானப் பிரிவு இருக்கும் பாடசாலைகள், அங்கே விடுதி உண்டா, மாதம் எவ்வளவு ஆகும், விண்ணப்பம் எப்போது என்று ஒரு தாளில் எழுதி வா. பேச்சைவிட அந்தத் தாள்தான் வேலை செய்யும்.

இன்னொன்று. இறுதி வருஷம் வந்தால் உனக்கே நேரம் இருக்காது. ஜூனியர் பிள்ளைகள் இரண்டு பேரை இப்போதே கூட்டி வந்து பழக்கு.

ரிசல்ட் வந்த அடுத்த சனிக்கிழமை வாசிகசாலையைக் கேட்டு வைக்கிறேன். அப்பாமாரைக் கூட்டி வருவது என் பொறுப்பு. கடைசி பஸ் போய்விட்டால் எங்கள் வீட்டில் தங்கலாம்.

அன்புடன்,
தோட்டப் பாடசாலை டீச்சர் அக்கா