ஹேட்ச் மூலை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ சோதித்து அனுப்பிய அந்தப் பாகம் உடைந்ததைப் பற்றி அன்று போனில் சொல்லிவிட்டு அழுதாயே, எனக்கு அப்போது வார்த்தையே வரவில்லை. அடுத்த நாள் என் மாதிரிக் கப்பல் வேலைக்கு உட்கார்ந்தபோதுதான் சொல்ல வேண்டியது புரிந்தது.

"எத்தனையோ பாய்மரக் கப்பல் இருக்க, இந்தச் சாம்பல் நிறச் சரக்குக் கப்பல் எதற்கு?" என்று முன்பு கேட்டாய். இது இரண்டாம் உலகப் போர்க்கால லிபர்ட்டி கப்பல். 1941 முதல் 1945 வரை அமெரிக்கா ஒரே வரைபடத்தை வைத்து 2,710 கப்பல்கள் கட்டியது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கும் வேகத்தைவிடக் கட்டும் வேகம் கூடினால்தான் கடலுக்கு அந்தப் பக்கம் உணவும் வெடிமருந்தும் போய்ச் சேரும் என்ற நெருக்கடி. டர்பைன்கள் போர்க்கப்பலுக்குத் தேவைப்பட்டதால் இதற்குப் பழைய பாணி நீராவி எஞ்சின்தான். வேகம் 11 நாட், அதாவது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். கட்டியவர்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் உண்டு. பலர் அதற்கு முன் வெல்டிங் கருவியைத் தொட்டதே இல்லை. ரிச்மண்ட் கப்பல் கட்டும் தளத்தில் ராபர்ட் ஈ. பியரி என்ற கப்பலை 1942 நவம்பரில் ஐந்து நாள் முடிவதற்குள் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள்.

நான் செய்வது 192-இல் ஒரு பங்கு. நிஜத்தில் ஓர் அடி என்றால் எனக்கு ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒன்று. 441 அடிக் கப்பல் மேசைமேல் 70 சென்டிமீட்டர். பத்து மில்லிமீட்டர் பலகை ஆறை, ஒவ்வொன்றையும் அந்தந்த உயரத்தின் வளைவுக்கு அறுத்து, அடுக்கி ஒட்டினேன். படிக்கட்டு மாதிரி நிற்கும் விளிம்புகளை இழைப்புளியால் சீவி, அட்டையில் வெட்டிய அச்சை வைத்து வைத்துப் பார்த்து உப்புத்தாள் போட வேண்டும். நடுப்பகுதி பெட்டி போல நேராகப் போவதால் சிரமமில்லை. பின்பக்கம் புரொப்பல்லரை நோக்கி ஒடுங்கும் இடம்தான் பொறுமையைக் கேட்கும். அங்கே மட்டும் இரண்டு மாதம் போனது. அச்சும் மரமும் இடைவெளியில்லாமல் பொருந்திய அன்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிறகு மேல்தளத்தில், சரக்கை உள்ளே இறக்கும் வாய்களான ஐந்து ஹேட்ச்களுக்கும் சதுர மூலை வைத்துத் திறப்பு அறுத்தேன். மூன்று வாரத்தில், இரண்டாவது ஹேட்ச்சின் மூலையிலிருந்து விளிம்புவரை மயிரிழை போல ஒரு விரிசல். பலகை சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால், என் ரம்பம் மூலையைத் தாண்டி ஒரு நூல் அளவு உள்ளே போயிருக்கிறது. விரிசல் அங்கிருந்தே கிளம்பியிருக்கிறது.

நிஜக் கப்பல்களிலும் பல விரிசல்கள் இதே சதுர ஹேட்ச் மூலையில்தான் தொடங்கின. தகடுகளை ரிவெட் ஆணி அடித்துச் சேர்த்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தில் நின்றுவிடும். வெல்டிங் செய்ததில் உடம்பு முழுக்க ஒரே தகடு மாதிரி, நிற்க இடமில்லை. 1943 நவம்பரில் ஜான் பி. கெய்ன்ஸ் என்ற லிபர்ட்டி கப்பல் கடலில் இரண்டாகப் பிளந்து 10 பேர் இறந்தார்கள். முதலில் சந்தேகம் விழுந்தது வெல்டிங்கின் மேல்தான். கேம்பிரிட்ஜில் உலோகவியலாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் அம்மையார்தான், அந்த எஃகு குளிரில் நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடுகிறது என்று காட்டினார். உன் பாடத்தில் அவர் பெயர் வந்திருக்கும். பற்றவைத்த அந்தப் பெண்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது.

என் பலகையில் தவறு என் கையுடையது. அவர்கள் விஷயத்தில் மூலையும் எஃகும் குளிரும். உன்னுடையது எது என்று எனக்குத் தெரியாது, கண்ணு. நீயும் இன்னும் தேடிப் பார்க்கவில்லை. அதற்குள் ஏன் உன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறாய்? உடைந்த துண்டை எடுத்து, விரிசல் எங்கே தொடங்கியது என்று முதலில் பார்.

விரிசலில் மெல்லிய மரச் சிம்பு செருகி ஒட்டிவிட்டேன். இப்போது மூலையில் முதலில் துளை போட்டு, துளைக்குத் துளை அறுக்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். கட்டியபோது இருந்தபடி சதுர மூலையாகவே முடிக்கவா, நிஜக் கப்பல்களில் பிறகு திருத்தியது போல வளைத்துவிடவா? உன் பதில் வரும்வரை ஹேட்ச் சட்டங்களை ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா