கரைக்காவலில் புதுக் குடித்தனக்காரர்களும் சேர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்துவிட்டால், பாகூர் ஏரியை ஒட்டிய எங்கள் தெருவில் இரவில் ஆழ்ந்து உறங்குவோர் குறைவு. மழை வலுத்தால் யாரேனும் ஒருவர் வந்து கதவைத் தட்டுவார். டார்ச்சும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போக வேண்டும்.

புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இதற்கு நீர் வருகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று நீரும் மழை நீரும் ஒருசேர வந்து சேர்வதால், கரையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விரல் நுழையும் அளவுள்ள ஒரு நண்டு வளையே உடைப்புக்குப் போதும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபது வயதைக் கடந்துவிட்டது. கரையின் வெளிச்சரிவில் எங்கேனும் நீர் கசிந்தால், அதை உள்ளங்கையில் ஏந்தி டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பார். தெளிந்த நீராக இருந்தால் அது வெறும் ஊற்று. கலங்கி வந்தால் கரையின் மண்ணே கரைந்து வெளியேறுகிறது, உடனே வைக்கோலும் களிமண்ணும் வேண்டும் என்பார். இந்தப் பாடத்தை எனக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். தீபாவளிக்குச் சுழியம் கொண்டுவந்து கொடுப்பதும், கார்த்திகையன்று எங்கள் வாசலிலும் ஓர் அகலை ஏற்றி வைத்துவிட்டுப் போவதும் அதே வீட்டார்தான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும், அடுத்த ஓரிரு நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோதும், மின்சாரமின்றி இருந்த எங்கள் தெருவில் ஒரே அடுப்பில் நான்கு வீட்டுக்குக் கஞ்சி கொதித்தது. மாடு வைத்திருந்த வீட்டார் கைக்குழந்தை இருந்த வீடுகளுக்கு முதலில் பாலைக் கொடுத்தனுப்பிய பிறகே தங்களுக்கு எடுத்துவைத்தார்கள். அந்த நாள்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது.

இப்போது வயல்களாக இருந்த இடங்களில் மனைகள் போடப்பட்டு, வெளியூர்க் குடும்பங்கள் பல வந்துவிட்டன. ஏரி நிரம்பினால் நீர் வழிந்து வெளியேறும் கலங்கலிலிருந்து உபரி நீர் எந்தப் பக்கம் போகும் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அந்த வடிகாலில் கட்டடக் கழிவைக் கொட்டுவது தெரியாமல் நடக்கிறதே தவிர, கெட்ட எண்ணத்தால் அன்று என்றே நான் நம்புகிறேன். தூர்வாரித் தரும்படி சென்ற ஆண்டு புரட்டாசியிலேயே உரிய அலுவலகத்தில் மனு கொடுத்தோம். மழைக்காலம் முடிந்த பிறகும் பதில் வரவில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். மழை தொடங்கும் முன் அதிகாரிகள் ஊர் மக்களுடன் கரை நெடுக ஒருமுறை நடந்து பார்த்து, மணல் மூட்டைகளைக் கலங்கல் அருகிலேயே அடுக்கி வைக்க வேண்டும். புதிய நகர்களில் குடியிருப்போர், வீட்டுக்கு ஒருவரேனும், எங்களோடு கரைக்காவலுக்கு வர வேண்டும். புரட்டாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கலங்கலருகே கூடுகிறோம். மண்வெட்டி இல்லாதவர்களுக்கு நாங்களே தருகிறோம்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெருவாசி ஒருவர்,
பாகூர், புதுச்சேரி.