தீர்ப்புக்கு முன் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் ஜூரி சபையை, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவை, பற்றிப் பேச்சு எழுந்தால் அது தீர்ப்பில்தான் போய் நிற்கிறது. 1996 ஆம் ஆண்டின் குமாரபுரம் படுகொலை வழக்கில் 2016 ஜூலையில் அநுராதபுரத்தில் ஆறு இராணுவத்தினர் விடுவிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொலை வழக்கில் ஐவர் கொழும்பில் விடுவிக்கப்பட்டார்கள். எங்கள் சனம் இவற்றை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் ஜூரிமார் வந்து கதிரையில் அமர்ந்த பிறகு கேட்கிற கேள்வி பிந்திப்போன கேள்வி. அவர்கள் எந்தப் பட்டியலில் இருந்து, யாருடைய தெரிவில், எந்த மொழிக்காரராக வந்தார்கள் என்பதை ஆரம்பத்திலேயே கேட்டு, வழக்கேட்டில் பதிவும் செய்விக்க வேண்டும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நடந்த நொரிஸ் வழக்கு இதை நன்றாக விளக்கும். 1931 மார்ச் 25 அன்று சரக்கு ரயில் ஒன்றில் பிடிபட்ட ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது இரண்டு வெள்ளைப் பெண்களை வல்லுறவுக்கு உட்படுத்தியதாகக் குற்றம் சுமத்தப்பட்டது. ஸ்கொட்ஸ்பரோவில் சில நாள்களுக்குள் விசாரணை முடிந்து எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. முறையான சட்டத்தரணி உதவி கிடைக்கவில்லை என்று 1932 இல் அந்தத் தீர்ப்புக் கவிழ்ந்தது. மறுவிசாரணையில் கிளாரன்ஸ் நொரிஸுக்கு மீண்டும் மரண தண்டனை. 1935 ஏப்ரல் 1 அன்று அமெரிக்க உயர் நீதிமன்றம் அதையும் ரத்துச் செய்தது. இம்முறை நீதியரசர்கள் பார்த்தது ஜூரிப் பட்டியலை.

குற்றம் சாட்டிய பெருஞ்ஜூரி (விசாரணைக்கு முன் குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குழு) ஜாக்சன் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) தெரிவானது. அங்கே 36,881 பேரில் 2,688 பேர் கறுப்பர். வழக்கை விசாரித்த ஜூரி மோர்கன் கவுண்டியைச் சேர்ந்தது. அங்கே 46,176 பேரில் 8,311 பேர் கறுப்பர். இருந்தும் ஒரு கறுப்பர் ஜூரியில் இருந்ததாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூட நினைவில்லை. கறுப்பரைச் சேர்க்காதே என்று மாநிலச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. நேர்மை, அறிவு, நல்லொழுக்கம், ஊரில் மதிப்பு ஆகியவற்றைத் தகுதியாகச் சொல்லிவிட்டு, அவற்றை அளக்கும் வேலையை ஜூரி ஆணையாளர்களிடம் விட்டிருந்தது. விலக்கல் நடந்தது அந்த அளவையில்தான்.

நொரிஸின் சட்டத்தரணி சாமுவேல் லெய்போவிட்ஸ் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கவில்லை. விசாரணை தொடங்குமுன்பே ஆட்சேபனை தெரிவித்தார். ஜூரி ஆணையாளரையும் நீதிமன்ற அலுவலர்களையும் விசாரித்தார். தகுதியுள்ள கறுப்பர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். ஜாக்சன் கவுண்டிப் பதிவேட்டில் ஆறு கறுப்பரின் பெயர்கள் இருந்தன. அவை பட்டியலின் முடிவில் சிவப்பு மையால் இழுத்த கோட்டின் மேல் பின்னர் எழுதிச் செருகப்பட்டவை என்று எழுத்துத் தடய நிபுணர் சொன்னார். அந்தப் பதிவேடு உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் உயர் நீதிமன்ற நீதியரசர்களின் கைக்கே போனது. ஆட்சேபனையும் ஆதாரமும் கீழ் நீதிமன்றப் பதிவில் ஏறியிருந்ததால்தான் மேலே அது எடுபட்டது.

எங்கள் நாட்டில் பிழை வேறு இடத்தில், பட்டியலுக்கும் முன்னால், ஜூரி வேண்டுமா என்று கேட்கும் கட்டத்திலேயே நேர்கிறது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி ஜூரி ஏழு பேர் கொண்டது. தீர்ப்பு ஏகமனதாக, அல்லது குறைந்தது ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அமைய வேண்டும். சட்டத்தில் பட்டியலிடப்பட்ட பாரிய குற்றங்களுக்கு மட்டும், எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) விரும்பினால் மட்டும் ஜூரி விசாரணை. விரும்புகிறாரா என்று நீதிமன்றமே அவரைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் 1988 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 195 ஆம் பிரிவில் சேர்ந்தது. இதைக் கேட்காமல் விடுவது 436 ஆம் பிரிவால் சரிசெய்யக்கூடிய சிறு ஒழுங்கீனம் அல்ல, சட்டத்துக்கே முரணானது என்று உயர் நீதிமன்றம் 2008 இல் வெளியான தீர்ப்பில் சொன்னது. சாட்சியம் எவ்வளவு பலமாக இருந்தாலும் குற்றத்தீர்ப்பு நிற்காது.

கேட்க வேண்டியது ஒரேயொரு கேள்வி. அது எப்படித் தவறுகிறது? எதிரிகள் ஐந்து பேர் இருக்க, ஒருவரைக் கேட்டுவிட்டு மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடுவது ஒன்று. எதிரி வாயே திறக்காமல் அவருடைய சட்டத்தரணியின் தலையசைப்பைப் பதில் ஆக்குவது இன்னொன்று. 'ஜூரியின்றி விசாரணை' என்று மட்டும் எழுதுவதும் ஆபத்து. கேள்வி கேட்கப்பட்டதற்கு அதில் தடயமே இல்லை. வவுனியா போன்ற இரு மொழி புழங்கும் இடத்தில், எதிரிக்கு விளங்காத மொழியில் கேட்டால் அது கேட்டதாகாது. ஒவ்வொரு எதிரியிடமும் தனித்தனியாகக் கேட்டு, கேட்ட மொழி, மொழிபெயர்த்தவர் பெயர், அவர் சொன்ன பதில் எல்லாவற்றையும் அன்றைய குறிப்பிலேயே எழுதுவிக்க வேண்டும். அரச சட்டவாதியும் இதில் எதிரித்தரப்பு அளவுக்கு அக்கறை காட்ட வேண்டும்.

பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இது எதிரியின் உரிமை மட்டும்தானே என்று தோன்றலாம். குற்றத்தீர்ப்பு ரத்தானால் பெரும்பாலும் வழக்கு மறுபடி முதலில் இருந்து தொடங்கும். நொரிஸ் வழக்கில் கறுப்பர் ஒருவர் இருந்த புதிய பெருஞ்ஜூரி மீண்டும் குற்றம் சாட்டியது. 1937 இல் மூன்றாவது முறையாக மரண தண்டனை, 1938 இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைப்பு, மன்னிப்பு 1976 இல். எங்கள் பக்கத்தில் நெடுங்கேணியில் இருந்தோ ஒட்டுசுட்டானில் இருந்தோ பஸ் ஏறி வந்து ஒருதரம் சாட்சி சொன்ன தாயைப் பத்து வருடம் கழித்து இன்னொருதரம் கூண்டில் ஏற்ற வேண்டிவரும். அதற்குள் மற்றச் சாட்சி வெளிநாடு போயிருப்பார், அல்லது இறந்திருப்பார்.

உங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மேல் நீதிமன்றத்தில் கொலை வழக்கொன்றின் குற்றப்பத்திரம் கையளிக்கப்பட்ட செய்தியை எழுதும்போது, ஜூரி வேண்டுமா என்று எதிரியிடம் கேட்கப்பட்டதா, அவர் என்ன சொன்னார் என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
சட்டத்துறை வாசகர்கள்,
வவுனியா.