பெரியப்பாவின் டெய்ஸ்கோ

அன்புள்ள முத்து,

ஈப்போவில் எல்லாரும் சுகம்தானே? அண்ணிக்கு முட்டிவலி குறைந்ததா?

பெரியப்பாவின் டெய்ஸ்கோ எலக்ட்ரிக் கிட்டார் என்னிடம் வந்துவிட்டது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் காலி செய்தபோது பெரியம்மாவே கொடுத்தார். 1961இல் சிங்கப்பூர் ஹேப்பி வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் பிரிட்டிஷ் பாடகர் க்ளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவும் வாசித்துவிட்டுப் போனபின் இங்கே பையன்களைப் பிடித்த கிட்டார் பைத்தியத்தை எத்தனை தடவை சொல்லியிருப்பார்! அமெரிக்க ஃபெண்டர் கிட்டார் வாங்க வசதியில்லாமல் இந்த ஜப்பான் கிட்டாரை வாங்கினாராம்.

ஆம்பில் மாட்டினால் கழுத்துப் பக்கத்துப் பிக்கப் (தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் சுருள்) ஊமை. மல்டிமீட்டர் வைத்தேன், முள் அசையவே இல்லை; எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. கடையில் புதிதாகப் போடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. உள்ளே ஆயிரக்கணக்கில் சுற்றிய செப்புக்கம்பி, தலைமுடியைவிட மெல்லிசு. ஆனால் இந்த ஊர் ஈரத்துக்கும் கை வியர்வை உப்புக்கும் முதலில் அரித்துப்போவது பெரும்பாலும் சுருளின் முனைதான், வெளி ஒயரோடு ஈயம் வைத்த இடம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அங்கேதான் பச்சைக் களிம்பு. மேல் சுற்றை மட்டும் பிரித்து, எனாமலைச் சுரண்டி, புதிதாக ஈயம் வைத்தேன். மீட்டர் 6 கிலோ ஓம் பக்கம் வந்து நின்றது. கை நடுங்கிவிட்டதுடா! சுருளை முழுக்கப் புதிதாகச் சுற்றியிருந்தால் கம்பியின் இழுவை மாறும், சத்தமும் மாறும். இப்போது கேட்பது அவர் கேட்ட அதே சத்தம்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. கரகரத்த வால்யூமுக்கு க்ளீனர், சிம் லிம் டவரில் வாங்கிய ஜாக், கழுத்தில் குறுக்கே பதித்த, தேய்ந்த ஃப்ரெட் கம்பிகளை மட்டம் செய்தது. முன்னால் வளைந்திருந்த கழுத்துக்கு மட்டும் பொறுமை வேண்டும்: கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் கம்பியைக் கொஞ்சமாகத் திருகி, மரம் அடங்க ஒரு ராத்திரி விட்டு, மறுபடி பார்க்கணும்.

புதுப் பெயிண்ட் அடித்துவிடு என்று எழுதியிருந்தாயே, அது மட்டும் வேண்டாம். முழங்கை உரசி உரசி மரம் தெரிகிற இடம் ஒன்று இருக்கிறது. உட்கார்ந்து வாசித்தால் என் கையும் அங்கேதான் போய்ப் படிகிறது. அதை மறைக்க நான் ஒப்பமாட்டேன். துருவையும் களிம்பையும் எடுத்துவிட்டேன், அது போதும். கிட்டாருக்கு 45இலிருந்து 55 விழுக்காடு ஈரப்பதம்தான் நல்லது. இங்கே வெளியில் பல நாள் 80க்கு மேல். அதனால் சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில்தான் வைக்கிறேன்.

உன் மாடியில் கிடக்கிற அந்த வால்வு ஆம்பைத் தீபாவளிக்கு வரும்போது கொண்டு வா. வேலை செய்கிறதா என்று பார்க்க ப்ளக்கில் மாட்டிவிடாதே. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பழைய கெப்பாசிட்டர் காய்ந்து போயிருக்கும், வெடிக்கவும் செய்யும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் உயிரை எடுக்கும் மின்சாரம் தங்கியிருக்கும், அதனால் உள்ளே ஒயர்கள் இருக்கிற பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். வெளியே தெரிகிற கண்ணாடி வால்வுகளை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி, தனியாக எடுத்து வா.

அன்புடன்,
குமார்