லிப்போசோமல் புட்டியும் புற்றுநோய் மருந்தும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது ‘லிப்போசோமல்’ வைட்டமின் சி, ‘லிப்போசோமல்’ குளுட்டாதயோன் என்ற ஊட்டச்சத்து என்று விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது. புற்றுநோய்க்கே இந்த முறையில்தான் மருந்து கொடுக்கிறார்கள், நீங்களும் வாங்கிக் குடியுங்கள் என்கிறார்கள். முதல் பாதி உண்மைதான். அதைக் காட்டி இரண்டாவது பாதியை விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நம் உயிரணுச் சவ்வில் இருக்கும் அதே வகைக் கொழுப்பால் ஆன மிக நுண்ணிய குமிழிதான் லிப்போசோம். 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் கண்டறிந்தார். டாக்ஸோருபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது; அதையே இந்தக் குமிழிக்குள் அடைத்து ஊசியால் இரத்தக் குழாயில் ஏற்றினால் நல்ல இரத்தக் குழாயிலிருந்து சுலபமாக வெளியே வராது, கட்டியின் குழாய்கள் கசிவதால் அங்கே கூடுதலாக இறங்கும், இதயத்துக்குப் போவது குறையும். அமெரிக்கா இதற்கு 1995ல் அனுமதி கொடுத்தது. அதிலும் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரியும் தொல்லை உண்டு, டாக்டர் பார்த்துப் பார்த்துத்தான் அளவு வைப்பார். 2021ல் இந்தியாவில் கறுப்புப் பூஞ்சை பரவியபோது சொந்தக்காரர்கள் அலைந்து தேடினார்களே, அந்த ஆம்ஃபோடெரிசின் மருந்தும் லிப்போசோமில் அடைத்ததுதான். அப்படி அடைத்தால் சிறுநீரகத்துக்குக் கெடுதல் குறைகிறது.

நம் சிங்கப்பூரிலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண் மருத்துவர்களோடு சேர்ந்து, கண் அழுத்த நோய்க்குத் தினமும் சொட்டு மருந்து விடுவதற்குப் பதிலாக, ஓர் ஊசி போட்டால் மாதக்கணக்கில் வேலை செய்யும் லிப்போசோம் மருந்தை உருவாக்கிச் சில நோயாளிகளிடம் சோதித்தார்கள். பெருமையான விஷயம், நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கவனியுங்கள், இவை எல்லாமே ஊசி. வாய்வழியாக விழுங்கினால் வயிற்று அமிலமும் பித்தநீரும் குமிழியைப் பெரும்பாலும் உடைத்துவிடும். வைட்டமின் கொஞ்சம் கூடுதலாக உடம்பில் சேரலாம், அவ்வளவுதான், அது நோயைத் தேடிப் போய்த் தாக்காது. இங்கே ஊட்டச்சத்து மாத்திரைகளை விற்க, மருந்துக்கு வாங்குவதுபோல் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து டாக்டரிடமோ மருந்தாளரிடமோ புட்டியைக் காட்டாமல் ஒரு வேளைகூடக் குடிக்காதீர்கள், சில சிகிச்சைகளோடு அது ஒத்துப்போகாமல் போகலாம்.

இங்குள்ள தமிழ் மருந்தாளர் ஒருவரைப் பேட்டி எடுத்து இதை விளக்கமாக வெளியிடுங்கள் சார். ஆங்கிலத் துண்டுப் பிரசுரம் படிக்காத நம் பெரியவர்கள் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

வாசகி, ஈசூன்