பலாலிக்கு எத்தனை மணி நேரம்?

அன்புள்ள சிவா,

உன் கடிதம் வந்தது. டிசம்பரில் டொராண்டோவிலிருந்து வருகிறாய், அப்படியே யாழ்ப்பாணமும் போகிறாய் என்றதும் இங்கே வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா இப்போதே சமையல் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டாள்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலி எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தாய். நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர்தான். வரைபடத்தில் பார், மீனம்பாக்கத்துக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது. அங்கே போகும் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பது. கணக்குப்படி முக்கால் மணி நேரம் போதும். ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று போட்டிருப்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்கச் சுற்றி வருவது எல்லாம் அதில் சேர்த்தி. இவ்வளவு சின்னப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்களே, அதுதான் வேடிக்கை!

பலாலி ஓடுபாதை நீளம் குறைவு. அதனால் பெரிய ஜெட் வராது, இறக்கையில் காற்றாடி சுழலும் ஏடிஆர் என்ற சின்ன விமானம்தான். பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே மறைக்காது. வலது பக்கம் இடம் கேள். மேகம் இல்லாவிட்டால் நம் கரையைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் டிசம்பர் மழை உன் ஆசையைக் கேட்குமா தெரியாது.

2019க்கு முன்னால் பல வருஷமாக இந்த வழியே இல்லையே. கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு 645 கிலோமீட்டர் பறந்து, யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போய் இறங்கி, மறுபடி வடக்கே 350 கிலோமீட்டருக்கும் மேல் பஸ்ஸில் வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை, ஒரு முழு நாள் போய்விடும். 2019 நவம்பரில் சென்னை–பலாலி விமானம் விட்டார்கள். சில மாதத்தில் கொரோனா வந்து நின்றது. 2022 டிசம்பரில்தான் மறுபடி பறந்தது. இப்போது திருச்சியிலிருந்தும் உண்டு. அங்கிருந்து தூரம் 185 கிலோமீட்டருக்கும் குறைவு. உன் அப்பா அந்தக் காலத்தில் இலங்கையின் ஏர் சிலோன் விமானத்தில் பலாலியிலிருந்து திருச்சிக்கு வந்த கதையைச் சொல்வாரே, அதே வழிதான்.

கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. 1996 முதல் 2006 வரை இலங்கை நேரம் நமக்கு முன்னால் ஓடியது, இப்போது இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம் ஒன்று. திரும்பவும் சென்னை வழியாகத்தான் போகிறாய் என்றால், உன் இந்திய விசாவில் ஒருமுறைதான் நுழையலாமா, பலமுறையா என்று பார்த்துக்கொள். பலர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தேதி முடிவானதும் எழுது. எனக்கும் சேர்த்தே டிக்கெட் போட்டுவிடுகிறேன். வலது பக்க ஜன்னலுக்கு மட்டும் சண்டை போடாதே.

அன்புடன்,
ரகு