அடுத்த ஏலத்துக்கு முன் ஏரியில் ஒரு வலை போட்டுப் பாருங்கள்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நம் பெரிய ஏரியின் மீன்கள் குறித்து ஏற்கெனவே இரண்டு மனுக்கள் கொடுத்திருக்கிறேன். 'மீன்பாசி ஏலம் முறைப்படி நடந்தது' என்று, மீன்பிடி குத்தகை ஏலத்தைப் பற்றி மட்டும் ஒரு வரியில் பதில் வந்தது. ஏலத்தில் முறைகேடு என்று நான் எழுதவே இல்லை. ஏரியில் இப்போது என்னென்ன மீன் இருக்கிறது என்று கணக்கெடுக்கத்தான் கேட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரனை, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கம் அழைத்துப் போயிருந்தேன். ஒன்பது வயது, முதன்முறையாகத் தூண்டில் பிடிக்கிறான். அரை மணி நேரத்தில் தக்கை அமிழ்ந்தது. கத்திக்கொண்டே இழுத்தான். கரையில் வந்து விழுந்தது, கண்ணாடித் தொட்டியில் பாசி தின்ன விடுகிற டேங்க் கிளீனர். முழங்கை நீளம். உடம்பெல்லாம் கறுத்த ஓடு. பக்கத் துடுப்பு முட்களை விறைத்துக்கொண்டு கிடந்தது. தூண்டில் முள்ளை எடுக்கப் போன என் கட்டைவிரல் கிழிந்தது. கடைசியில் தூண்டில் நரம்பை அறுத்துவிட்டேன். திரும்பத் தண்ணீரில் விட மனம் வரவில்லை. வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிரோடு கிடந்தது. பேரன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் தூண்டிலைத் தொடவில்லை.

அவன் வயதில் அதே இடத்தில் நான் பிடித்தது விரால். மழைக்காலத்தில் கோரைக்கு நடுவே செந்நிறமாகக் குஞ்சுகள் திரண்டு வரும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தப் பக்கம் தூண்டிலை வீசினால் அப்பா அடிப்பார். அப்படி ஒரு திரளைக் கண்ணால் கண்டு ஆறு வருடம் ஆகிறது. அயிரையும் ஆராலும் போய்விட்டன. இப்போது மாட்டுவதெல்லாம் ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும்தான்.

ஜிலேபி 1952லேயே நாட்டுக்குள் வந்துவிட்டது. அதை இனி விரட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000ஆம் ஆண்டே தடைசெய்துவிட்டது. தடைசெய்த மீன் தாங்கள் குத்தகைக்கு விட்ட ஏரிக்குள் எப்படி வந்தது? யாராவது கொண்டுவந்து விட்டார்களா, வெள்ளத்தில் ஏதாவது குட்டையிலிருந்து வந்ததா? நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. விசாரிக்க வேண்டியவர்கள் தாங்கள். டேங்க் கிளீனரோ கரையில் வளை தோண்டித்தான் முட்டையிடும். மீனுக்காக இல்லாவிட்டாலும் கரைக்காகவாவது கணக்கெடுங்கள்.

அந்தக் கரையைத்தான் அழகுபடுத்துகிறோம் என்று சிமெண்ட் பூசி, கோரையை வேரோடு வழித்தெடுத்தார்கள். கோரை போனால் விரால் எங்கே கூடு கட்டும்? நடைபாதைக்குப் பணம் இருக்கிறது, மின்விளக்குக்கு இருக்கிறது, பெயர்ப்பலகைக்கு இருக்கிறது. ஒரு நாள் வலை இழுக்க மட்டும் இல்லையா? கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் தண்ணீர் வற்றி மதகுப் பள்ளத்தில் ஒடுங்கும். அப்போது இழுவலை போட்டு, எந்த மீன் எவ்வளவு என்று கணக்கெடுக்கத் தயவுசெய்து உத்தரவிடுங்கள். அயல் மீன்களைக் கரையேற்றுங்கள். எந்தக் குஞ்சை விடலாம், எதை விடக்கூடாது என்பதை அடுத்த ஏல நிபந்தனையில் எழுதுங்கள். வலை இழுக்க ஆள் போதாவிட்டால் சொல்லி அனுப்புங்கள். ஞாயிறுதோறும் தூண்டிலோடு வருகிற நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம், வருகிறோம்.

இப்படிக்கு,
கலங்கல் பக்கத்துத் தூண்டில்காரன்